பழைய கடனுக்கு வந்த ஜப்தி நோட்டீஸ்: போகாத வழக்கின் தீர்ப்பை எப்படி எதிர்ப்பது?

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை ஒட்டி, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றியிருக்கும் ஸ்ரீவராகத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசிக்கின்றன. இங்கே வீட்டு விலாசம் அடிக்கடி பழையதாகிவிடுகிறது. மாநகராட்சி வார்டுகளைத் திருத்தினால் டி.சி. எண் எனப்படும் வீட்டு எண் மாறுகிறது. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போனபின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது வாடகைக்குப் போகிறது. என்றோ கையெழுத்திட்ட புரோநோட்டில் மட்டும் பழைய எண் அப்படியே இருக்கிறது. வழக்கு வந்தால் சம்மன் அந்த எண்ணைத் தேடித்தான் போகும்.

இப்படி ஒரு நிலையை வைத்துக்கொள்வோம். 2012இல் வாங்கிய கடன். கொடுத்தவர் வழக்குப் போட்டதே தெரியாது. ஒருநாள் வஞ்சியூர் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது: உங்கள்மீது முன்பே தீர்ப்பாகிவிட்டது, தொகையைக் கட்டாவிட்டால் ஜப்தி. வழக்கில் ஆஜராகாதவருக்கு எதிராகத் தரப்படும் இந்தத் தீர்ப்பைத்தான் வக்கீல்கள் எக்ஸ்பார்ட்டி டிகிரி என்கிறார்கள்.

‘மூன்று வருடத்தில் காலாவதியாகும் கடனுக்கு இத்தனை காலம் கழித்துத் தீர்ப்பா? அது செல்லாது’ என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். தீர்ப்பு தவறாக இருக்கலாம். ஆனாலும் நீக்கப்படும்வரை அது செல்லும்.

கெடு கடந்தால் கடன் ஒழிந்ததா?

இல்லை. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் கடனை அழிப்பதில்லை. நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் உரிமையை மட்டுமே எடுத்துவிடுகிறது. பாம்பே டையிங் வழக்கில் 1958லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதனால்தான் கெடு கடந்த கடனுக்கும், வங்கி தன்னிடம் ஈடாக உள்ள வைப்புத்தொகையை எடுத்து நேர் செய்துகொள்ள முடிகிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தில் நிலை வேறு. அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரணக் கடன் ஐந்து ஆண்டுகளில் கடன் என்ற நிலையையே இழந்துவிடுகிறது.

அப்படியானால் தீர்ப்பு எப்படி வந்தது?

காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கண்டிப்பானது. பிரதிவாதி வாயே திறக்காவிட்டாலும், கெடு கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 6ம் இதற்குத் துணை நிற்கிறது. கெடு கடந்து வழக்குப் போடும் வாதி, தனக்கு எந்த விலக்கு பொருந்தும் என்பதைப் பிராதிலேயே சொல்ல வேண்டும்.

எதிரில் ஆள் இல்லாத வழக்கில் நடப்பது வேறு. வாதி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார், புரோநோட்டைக் காட்டுகிறார், அதன் பின்பக்கத்தில் ‘வட்டி வரவு’ என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கெடு நீடித்ததாகத் தோன்றிவிடுகிறது, தீர்ப்பும் வந்துவிடுகிறது.

இப்படி வந்த தீர்ப்பை ‘சட்டப்படி பிறக்கவே இல்லை’ என்று ஒதுக்க முடியாது. கேரளத்திலிருந்து போன இட்டியவிரா மத்தாய் எதிர் வர்க்கி வர்க்கி வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கெடு கடந்த வழக்கில் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் சட்டத்தில் பிழை செய்கிறது, ஆனால் அதிகாரமில்லாத காரியத்தைச் செய்யவில்லை. ஆகவே அந்தப் பிழையை உரிய முறையில் எதிர்த்துத்தான் திருத்த முடியும். ஜப்தி மனு நடக்கும் நீதிமன்றத்தில் போய்க் ‘கடன் காலாவதி’ என்று வாதிட்டால் எடுபடாது. தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

முதல் வழி: தீர்ப்பை நீக்கும் மனு

தீர்ப்புத் தந்த அதே நீதிமன்றத்தில் கட்டளை 9, விதி 13இன் கீழ் மனுச் செய்யலாம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் இரண்டே. சம்மன் முறைப்படி சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், விசாரணை நாளில் வர முடியாமற்போனதற்குத் தக்க காரணம் உண்டா? கடன் எவ்வளவு பழையது என்பது இந்தக் கட்டத்தின் கேள்வி அல்ல. சம்மன் சேராததுதான் கதவைத் திறக்கும் சாவி. காலாவதி என்பது கதவு திறந்தபின் உள்ளே போய்ப் பேச வேண்டியது.

ஆகவே முதல் வேலை, வழக்குக் கட்டின் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பிப்பது. அதில் சம்மன் திரும்பிய அறிக்கையை ஊன்றிப் படிக்க வேண்டும். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதியிருந்தால் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கருத முடியும். வீட்டிலிருந்த வேறொருவர் வாங்கியிருந்தால், அவர் பிரதிவாதியோடு வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரா என்று பார்க்க வேண்டும். வீட்டு வேலையாள் வாங்கினால் அது கணக்கில் சேராது. துபாயிலேயே குடியிருக்கும் மகனுக்கான சம்மனை ஸ்ரீவராகத்தில் அப்பா வாங்கியிருந்தால், ‘அவரோடு வசிப்பவர்’ என்ற நிபந்தனையை வைத்து வாதாட இடமுண்டு. கதவில் ஒட்டியதாக அறிக்கை இருந்தால், வீட்டை அடையாளம் காட்டியவரின் பெயரும் விலாசமும் அதில் இருக்க வேண்டும்.

டி.சி. எண் மாறியதற்கான மாநகராட்சிச் சான்று, அந்த நாட்களின் பாஸ்போர்ட் முத்திரை, வேறு ஊரில் குடியிருந்த வாடகை ஒப்பந்தம், வேலை செய்த நிறுவனத்தின் கடிதம் போன்றவை இங்கே கைகொடுக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வழக்கின் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், சம்மன் சேர்த்ததில் உள்ள சிறு குறையை மட்டும் காட்டித் தீர்ப்பை நீக்க முடியாது.

மனுவுக்கான காலம் 30 நாள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழியில் சம்மன் தந்திருந்தால், இந்தக் கணக்குக்கு அது முறையான சேர்ப்பாகாது என்று காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் இனமே சொல்கிறது. ஜப்தி நோட்டீஸ் வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

தாமதமாகிவிட்டால், அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். என்.பாலகிருஷ்ணன் எதிர் எம்.கிருஷ்ணமூர்த்தி வழக்கில், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கும் முயற்சியில் ஏற்பட்ட 883 நாள் தாமதத்தை 1998இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. நாட்களின் எண்ணிக்கையைவிட, அதற்குச் சொல்லும் காரணத்தின் நேர்மைக்கே அங்கே எடை கூடுதல். அதற்காக எந்தத் தாமதமும் மன்னிக்கப்படும் என்று நம்பியிருப்பது ஆபத்து.

தீர்ப்பை நீக்கும்போது செலவுத்தொகை கட்டச் சொல்லவோ, ஒரு பகுதிப் பணத்தை நீதிமன்றத்தில் செலுத்தச் சொல்லவோ நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. தடை உத்தரவுக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வழி: மேல்முறையீடு

பிராதையும் புரோநோட்டையும் பார்த்தாலே கெடு கடந்தது தெரிகிறதா? அப்படியானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அங்கே ‘நான் ஏன் வரவில்லை’ என்ற கதை எடுபடாது. ஆனால் ‘வாதியின் ஆவணங்களின்படியே இந்த வழக்கு நிலைக்காது’ என்பதை நேரடியாக வாதிடலாம். மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் அவகாசம்.

இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கலாம் என்று பானுகுமார் ஜெயின் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. வரவுக் குறிப்பு போலி என்று நிரூபிக்க வேண்டியிருந்தால், சாட்சியம் தேவைப்படும் என்பதால் முதல் வழியே பொருத்தம்.

கெடுவைக் கணக்கிடுவது

கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு மூன்று வருடம் எழுதிய நாளிலிருந்தே ஓடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அல்ல. 2012 ஜூன் 10இல் எழுதியது 2015 ஜூன் 10இல் முடியும். இடையில் 2014 மே 5இல் கடனாளி ஒரு பகுதியைச் செலுத்தி, தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ வரவு வைத்திருந்தால், 2017 மே 5 வரை நீளும். கடனை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்துக்கும் இதே பலன். எதுவானாலும் முந்தைய கெடு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். வங்கிகள் மூன்று வருடம் முடியுமுன் ரிவைவல் லெட்டரில் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

கொரோனாக் காலக் கணக்கையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை எல்லாக் கெடுவிலிருந்தும் உச்ச நீதிமன்றம் விலக்கிவிட்டது. 2018 பிப்ரவரி 1இல் எழுதிய புரோநோட்டின் கெடு 2021 பிப்ரவரியோடு முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அதற்கு 2022 டிசம்பரில் போட்ட வழக்கும் கெடுவுக்குள்தான்.

இன்னொரு பொறி, சமரசப் பேச்சு. கெடு கடந்தபின் ஒரு சிறுதொகை கொடுத்தால் பழைய கெடு உயிர்பெறாது. ஆனால் ‘மீதியைத் தந்துவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

ஜப்தி எதுவரை, சிறை உண்டா?

தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. தீர்ப்பாகி இரண்டு வருடத்துக்குமேல் ஆனபின் நிறைவேற்று மனுப் போட்டால், கடனாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும். பலருக்கு வழக்கு நடந்த செய்தியே அப்போதுதான் எட்டுகிறது. ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காக்கப்படுகின்றன. குடியிருக்கும் வீட்டுக்கு அத்தகைய பொதுப் பாதுகாப்பு இல்லை.

பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. மற்றவர்களுக்கும், கட்ட வழியில்லாத ஏழ்மை சிறைக்குக் காரணமாகாது. வசதி இருந்தும் கட்ட மறுக்கும் தீய எண்ணம் வேண்டும். கொச்சின் வங்கிக்கு எதிராக ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தொடுத்த வழக்கில் 1980இல் இதை நிலைநாட்டியவர், பாலக்காட்டில் பிறந்து கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

நீதிமன்றத்துக்கே போகாமல் வருவாய்த்துறை வழியாகக் கடன் வசூலிக்கும் முறையும் கேரளத்தில் உண்டு. அந்த மாநிலத்தின் 1968ஆம் ஆண்டு வருவாய் மீட்புச் சட்டத்தைக் கொண்டு கெடு கடந்த கடனை வசூலிக்க முடியாது என்று, கேரள அரசு எதிர் கல்யாணிக்குட்டி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டுப் பெற முடியாததைத் தாசில்தார் மூலமும் பெற முடியாது என்பது அதன் சாரம். தாலுகா அலுவலக நோட்டீஸ் வந்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நோட்டீஸ் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடி வழக்கு விவரத்தை எடுங்கள். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். தடை மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச உதவி பெற உரிமை உண்டு.

இலங்கையின் குடியியல் நடைமுறைச் சட்டம் இதில் ஒருபடி முன்னே நிற்கிறது. ஆஜராகாதவருக்கு எதிரான தீர்ப்பாணையின் நகலை அவரிடமே சேர்ப்பிக்க வேண்டும். அது சேர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அவர் அதை நீக்கக் கோரலாம். இந்தியாவில் அப்படியொரு விதி இல்லாததால், தீர்ப்புக்கும் ஜப்திக்கும் இடையில் வருடங்கள் சத்தமின்றிக் கழிந்துவிடுகின்றன. அந்த விதி இங்கும் வந்தால் கடன் கொடுத்தவருக்கு நட்டமில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுக்களும் குறையும். வரும்வரை, விலாசம் மாறியவர்கள் கடன் கொடுத்தவருக்கு அதை எழுத்தில் தெரிவித்து அத்தாட்சி வைத்துக்கொள்வதும், தம் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது இ-கோர்ட்ஸில் பார்த்துக்கொள்வதும்தான் கைக்கெட்டிய பாதுகாப்பு.