அரசனுக்கும் ஆசிரியருக்கும் ஒரே நீதி

சென்னை சைதாப்பேட்டையில் அண்ணா சாலையையொட்டி ஆசிரியர் கல்லூரி ஒன்று உள்ளது. 1856-ஆம் ஆண்டு வேப்பேரியில் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, பின்னர் இங்கு இடம்பெயர்ந்தது. கற்றவரெல்லாம் கற்பிக்க வல்லவராகிவிடார், கற்பித்தலுக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை இவ்வூர் நெடுங்காலமாக அறியும். ஆனால் மஹல்லாவின் மக்தபில் அலிஃப், பே ஓதிக்கொடுக்கும் நம் உஸ்தாதுகளுள் எத்தனை பேருக்கு அத்தகைய பயிற்சி வாய்த்திருக்கிறது? ஃபிக்ஹும் ஹதீஸும் பல்லாண்டுகள் ஓதிப் பட்டம் பெறுகிறோம். ஏழு வயதுப் பிள்ளையின் முன் அமர்ந்ததும் கைக்கு முதலில் அகப்படுவது பிரம்பு.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடைசெய்தது. 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அவ்விலக்கு வேண்டற்பாலதே. ஆயினும், அச்சட்டம் கேளாத இடத்தில் அல்லாஹ் கேட்பான் என்ற அச்சம் நமக்கன்றோ மிகுதியாக இருத்தல் வேண்டும்?

இங்கு நினைவுகூரத் தக்கவர் இப்னு கல்தூன் (ரஹ்). 1332-இல் தூனிஸில் பிறந்து, 1406-இல் கெய்ரோவில் மறைந்தவர். ஃபெஸ், கிரனாடா, தூனிஸ் அரசவைகளை நேரில் கண்டவர். ஃபெஸ் சுல்தானின் சினத்துக்கு ஆளாகி ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறையிலும் கிடந்தவர். கொடுமையின் தன்மையை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். 1377-இல் அவர் இயற்றிய ‘முகத்திமா’வில் ஆட்சியைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. குற்றங்களைத் துருவித் துருவித் தண்டிக்கும் அரசனுக்கு அஞ்சிக் குடிகள் பொய்யிலும் சூழ்ச்சியிலும் புகலிடம் தேடுவர், போர்க்களத்தில் அவனைக் கைவிடுவர் என்கிறார். உஹதுப் போருக்குப் பின் அருளப்பெற்ற ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனமும், பெருமானார் (ஸல்) அவர்களைச் சூழ்ந்து மக்கள் கலையாது நின்றதற்கு அவர்களின் மென்மையையே காரணமாகக் காட்டுகிறது.

அதே நூலின் கல்விப் பகுதியிலும் அவர் இதனையே கூறுகிறார். வன்மையாக நடத்தப்படும் மாணவன் ஊக்கம் குன்றுகிறான். அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுகிறான். நாளடைவில் வஞ்சகமே அவன் இயல்பாகிவிடுகிறது. ஸபக் பாராமல் வந்த பிள்ளை வயிற்றுவலி என்று சொல்கிறதே, அப்பொய்யை அதற்குக் கற்பித்தவர் யார்?

“கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் ஹஜ்ரத், தோலை உரித்தாலும் கேட்கமாட்டேன்” என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தந்தையர் இன்றும் உளர். அவர்கள் வைக்கும் நம்பிக்கை பெரிது. வழங்கும் அனுமதிதான் செல்லாது. பத்து வயதில் தொழுகைக்காக அடிக்க ஹதீஸில் இடமில்லையா என்று வினவலாம். உண்டு. இப்னு கல்தூனும் முற்றாக மறுத்தாரல்லர். அடித்தே தீரவேண்டுமெனில் மூன்றடிக்கு மிகலாகாது என்று மாலிக்கீ மத்ஹபின் அறிஞர் இப்னு அபீ ஸைத் வகுத்த வரம்பை எடுத்துக்காட்டுகிறார். சினங்கொண்ட கைக்கு மூன்று என்ற எண்ணிக்கை நினைவிருப்பதில்லை. ஆதலின் பிரம்பையே மக்தபிலிருந்து அகற்றிவிடுதல் நலம் என்பது என் கருத்து.

தும்மியவருக்குத் தொழுகையின் நடுவிலேயே மறுமொழி கூறிவிட்டார் முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடியவுமில்லை, அடிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு ஆகாதென எடுத்துரைத்தார்கள், அவ்வளவே. அவர்களினும் சிறந்த ஆசிரியரைத் தாம் முன்னும் பின்னும் கண்டதில்லை என அந்த ஸஹாபி சொன்னது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது.

கடை வைத்து ஆள் அமர்த்தியோரும் சிறு ஆட்சியாளரே. அவர்களிடம் வன்மை இல்லாவிடினும் வேறொரு குறை நேர்வதுண்டு. இராக்கில் பொறுப்பிலிருந்த ஸியாதைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விலக்கிய செய்தியையும் இப்னு கல்தூன் எடுத்துரைக்கிறார். திறமைக் குறைவாலா, நேர்மைக் குறைவாலா என்று ஸியாத் கேட்டார். இரண்டுமன்று, உம் அறிவின் மிகுதியை மக்கள்மேல் சுமத்த விரும்பவில்லை என்ற பொருளில் கலீஃபா விடையளித்தார்கள். கூர்த்த மதியினர் காரியத்தின் முடிவைத் தொடக்கத்திலேயே கண்டுவிடுகின்றனர். பிறரும் கண்டிருப்பர் என்றெண்ணி, அவர்களால் ஆகாததைக் கேட்கின்றனர். பத்தாம் வகுப்போடு கணக்கெழுத வந்த பையன், முதலாளியின் மனத்திலுள்ளதைச் சொல்லாமலே அறிந்துகொள்வான் என்று எதிர்பார்ப்பதும் அத்தகைய சுமைதான். மாதக் கடைசியில் கணக்குத் தவறினால் அவன் அதை மறைக்கத்தான் பார்ப்பான்.