வேலை வெண்டாருடையது, 'அப்ரூவல்' வங்கியுடையது: கிளையன்ட் ஆபீஸில் கான்ட்ராக்ட் ஊழியர்கள் மாட்டிக்கொள்வது எங்கே?

சம்பளம் போடுவது ஓ.எம்.ஆரில் இருக்கும் ஐ.டி நிறுவனம். தினமும் உட்கார்ந்து வேலை பார்ப்பதோ ஒரு வங்கியின் ஐ.டி பிரிவில். கழுத்தில் 'வெண்டார்' என்று போட்ட கார்டு. இப்படி கிளையன்ட் இடத்தில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சம்பளத்துக்கு அடுத்த புலம்பல் அநேகமாக இதுதான்: "அங்க இருக்கிற பெர்மனென்ட் ஆளுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவர் ஓகே சொல்லாம எதுவும் நகராது."

ஓர் உதாரணம். டேட்டாபேஸில் ஒரு சின்ன மாற்றம், டெஸ்டிங் எல்லாம் முடிந்து திங்கட்கிழமையே ரெடி. அப்ரூவல் தர வேண்டிய வங்கி அதிகாரிக்கு அந்த சிஸ்டம் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார். "பாக்குறேன்" என்பார், வியாழன் வரை பார்ப்பார். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் 'வெண்டார் டிலே' என்று ஒரு வரி பதிவாகும். தாமதத்துக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வரிக்கு விலையும் உண்டு.

அவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. கிளையில் கடன் பிரிவு பார்த்தவர், டிரான்ஸ்ஃபரில் ஐ.டி-க்கு வந்திருப்பார். வேலை முழுக்க பல வருடங்களாக வெளியாட்கள் கையில் இருப்பதால், கற்றுக்கொள்ள அவருக்கு வாய்ப்பும் இல்லை. ஆனால் கையெழுத்து அவருடையதுதான். ஐ.டி சேவைகளை அவுட்சோர்ஸ் செய்வது பற்றிய ரிசர்வ் வங்கி விதிகள், வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கிக்கே என்கின்றன.

யாரிடம் சொல்வது?

சொந்த நிறுவன மேனேஜரிடம் போனால், "ரினியூவல் வருது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா". கிளையன்ட் எச்.ஆர்-க்கு இவர் ஊழியரே இல்லை. அந்த இடைவெளியை நிறுவனங்கள் வேண்டுமென்றேதான் வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபணமானால், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகவே கருதப்படுவார்கள் என்று 'செயில்' வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் நியமிக்கிறார்கள், யார் நடவடிக்கை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் சாட்சி. அதனால், 'எங்கள் ஆள்' என்று தோன்றும் எதையும் கிளையன்ட் தவிர்க்கும். குறை கேட்பதும் அதில் அடிபட்டுப் போகிறது.

மிச்சம் இருப்பது எழுத்து. அதிலும் 'அவருக்குத் தெரியவில்லை' என்று எழுதினால் சண்டைதான். 'திங்கள் 11 மணி முதல் அப்ரூவலுக்குக் காத்திருக்கிறது' என்பதை யாரும் மறுக்க முடியாது. "செவ்வாய் மதியத்துக்குள் ஓகே வந்தால் புதன் இரவு ஏற்றலாம், இல்லாவிட்டால் அடுத்த வாரம்தான்" என்று ஒரு மெயில் போதும். டிக்கெட் ஸ்டேட்டஸை 'கிளையன்ட் பதிலுக்காக' என்று மாற்றுவது இன்னும் முக்கியம்: பல ஒப்பந்தங்களில் எஸ்.எல்.ஏ கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். ரினியூவலுக்குப் பயப்படும் மேனேஜருக்கும் பேச ஒரு கணக்கு கிடைக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில். ரொம்ப நல்லவராக இருக்கும் அதிகாரி ஒருநாள் சொல்வார்: "எனக்கு இதெல்லாம் புரியல, என் லாகின்ல நீங்களே அப்ரூவ் பண்ணிடுங்க." நாலு நாள் காத்திருந்தவருக்கு அது வரம் மாதிரி இருக்கும். ஆனால் செய்தவரே அப்ரூவ் செய்தால் அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லை. ஆடிட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லாகின் ஆனது என்று தேடும்போது, "நான் சொல்லவே இல்லையே" என்று அவர் சொன்னால், அன்று சாயங்காலமே திருப்பி வாங்கப்படுவது வெண்டார் கார்டுதான்.