தூக்கம் சோம்பலா, நோயா? – ஓரெக்சின் என்னும் மூளைச் சுரப்பு

வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைக் ‘கும்பகர்ணன்’ என்று அழைப்பது நம்மவர்களிடையே பழகிப்போன கேலி. அடியேனும் அதற்கு விலக்கல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பை நான் நடத்திவந்தபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பதிகம் பாடிக்கொண்டிருக்கும்போதே தலை கவிழ்ந்து உறங்கிவிடுவான். யாராவது வேடிக்கையாகப் பேசி எல்லாரும் சிரித்தால், முழங்கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவான். நடிக்கிறான் என்று எண்ணி அவனை வெளியே நிற்க வைத்தேன். தந்தையாரிடம் புகாரும் சொன்னேன். வீட்டில் அதற்காக அடி வாங்கினான் என்பது பிறகுதான் தெரிந்தது. இருபத்தாறாவது வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குப் போன பிறகே, அவனுக்கு இருப்பது ‘நார்கோலெப்சி’ என்னும் மூளை நோய் என்று கண்டறிந்தார்கள். மலர்க் குழுவினர் மருத்துவக் கட்டுரை ஒன்று கேட்டபோது எனக்கு அவன் நினைவே வந்தது.

இந்நோய்க்கு அப்பெயரை 1880ஆம் ஆண்டில் சூட்டியவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர். ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 25 முதல் 50 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் தொடங்குகிறது. இரவு முழுதும் படுத்திருந்தாலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். சிரிப்போ வியப்போ மேலிட்டால் நினைவு தப்பாமலேயே தசைகள் தளர்ந்துவிடும். இதைக் ‘கேட்டப்லெக்சி’ என்பார்கள். விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், மார்பில் ஏதோ ஏறி உட்கார்ந்தது போன்ற திகிலும் உண்டு. நம் பாட்டிமார் ‘அமுக்குவான் பேய்’ என்றது இதைத்தான். (நோய் இல்லாதவருக்கும் எப்போதாவது இது நேரலாம், அதற்காக யாரும் அஞ்ச வேண்டாம்.)

நூறு ஆண்டுகளுக்கு மேல் இதன் காரணம் விளங்கவில்லை. மனக்கோளாறு என்றார்கள், சோம்பல் என்றார்கள். விடை வந்த வழி சுவையானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதே நோய் பரம்பரையாக வரும் டாபர்மன் நாய்களை வளர்த்துவந்தார்கள். பிடித்த தீனியைக் கண்டதும் மகிழ்ச்சி தாளாமல் அவை சுருண்டு விழும். எம்மானுவேல் மிஞ்ஞோ என்ற ஆய்வாளர் அவற்றின் மரபணுக்களைப் பத்தாண்டுக் காலம் சலித்துப் பார்த்தார்.

இதற்கிடையே 1998இல் இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. அது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸில் சுரக்கும் நியூரோபெப்டைட். அதாவது, அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோத்த, நரம்புக்கு நரம்பு செய்தி சொல்லும் சிறு புரதத் துணுக்கு. ஒரு குழுவினர் அதை ‘ஹைப்போகிரெட்டின்’ என்றனர். சகுராய், யானகிசாவா ஆகிய ஜப்பானியர் குழுவோ, அது பசியைத் தூண்டுவதாகக் கண்டு, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஓரெக்சின்’ என்றது. உண்மையில் பசியைவிட விழிப்புக்கே அது முக்கியம். தவறான பெயராயினும் நிலைத்துவிட்டது!

1999இல் இரண்டு நூல்களும் ஒரே முடிச்சில் சேர்ந்தன. நோயுற்ற நாய்களில் ஓரெக்சினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி பழுதுபட்டிருந்தது. ஓரெக்சினே இல்லாமல் உருவாக்கிய எலிகளோ ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தன. மறு ஆண்டில் மனிதரைச் சோதித்தார்கள். ஒன்பது நோயாளிகளில் ஏழு பேரின் தண்டுவட நீரில் ஓரெக்சின் தென்படவே இல்லை. நம் மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஓரெக்சினைச் சுரப்பவை ஏறத்தாழ 70,000 மட்டுமே. நோயாளிகளிடம் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருந்தன.

இத்தனை சிறிய கூட்டம் என்னதான் செய்கிறது? சளிக்கு மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருகிறதல்லவா? மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை அம்மாத்திரை தடுப்பதுதான் காரணம். ஹிஸ்டமினைப் போல நோரட்ரினலின், செரோடோனின் என்று விழிப்புக்குப் பல ஊழியர்கள். அனைவரையும் இடைவிடாமல் வேலையில் வைத்திருக்கும் மேற்பார்வையாளர் ஓரெக்சின். அவர் இல்லையென்றால் விழிப்பும் தூக்கமும் எல்லை மீறிக் கலக்கின்றன. கனவுத் தூக்கத்தில் உடலை அசையவிடாமல் கட்டிப்போடும் ஏற்பாடு, பட்டப்பகலில், சிரிப்பின் நடுவே வந்துவிடுகிறது.

அவ்வணுக்கள் ஏன் அழிகின்றன? உடலின் நோய் எதிர்ப்புப் படையே அவற்றைப் பகையென்று தாக்குவதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட மரபுக்கூறு உள்ளவர்களிடம் இது அதிகம். 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலுக்குப் பின் சீனாவில் நோயாளிகள் கூடினர். ஐரோப்பாவில் அதற்கெனப் போடப்பட்ட ஒரு தடுப்பூசிக்குப் பிறகு ஃபின்லாந்திலும் சுவீடனிலும் சில பிள்ளைகளுக்கு இந்நோய் கண்டது. அந்தத் தடுப்பூசி இப்போது பயன்பாட்டில் இல்லை. பிற தடுப்பூசிகளுக்கு இதைச் சான்றாக்கி யாரும் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் இருந்துவிட வேண்டாம்.

பார்க்கின்சன் நோயிலும் ஓரெக்சின் அணுக்கள் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அல்சைமர் மறதி நோயோடு உள்ள தொடர்பும் ஆராயப்படுகிறது. தூக்கமின்மைக்கு மறுவழி உண்டு. ஓரெக்சினைத் தடுத்துத் தூங்கவைக்கும் சுவோரெக்சன்ட் மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுவதுபோல் ஓரெக்சினைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். விழுங்கினால் அது செரித்துப்போகும். ஊசியில் செலுத்தினால் மூளையின் காவல் அரண் அதை எளிதில் உள்ளே விடாது. எனவே அதன் வேலையைச் செய்யும் மாத்திரைகளைத் தேடுகிறார்கள். அவற்றில் ஒன்றன் சோதனை 2021இல் ஈரலைப் பாதித்ததால் நிறுத்தப்பட்டது. ஓவெபோரெக்ஸ்டன் என்ற வேறொன்று 2025இல் இறுதிக்கட்டச் சோதனைகளில் நல்ல பலன் காட்டியது. நெடுங்காலமாகக் கைகொடுப்பவை மொடாஃபினில் போன்ற விழிப்பு மருந்துகளும், நேரம் குறித்துப் போடும் குட்டித் தூக்கமும்தான்.

பிள்ளை இப்படித் தூங்கினால் முதலில் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். குறட்டை, இரத்தச் சோகை போன்ற காரணங்களை அவர் விலக்கிப் பார்ப்பார். ஐயம் நீடித்தால் தூக்கச் சோதனைக் கூடத்தில் ஓர் இரவும், மறுநாள் பகலில் இரண்டு மணிக்கொரு முறை நான்கைந்து தடவையும் தூங்கச் சொல்லி அளப்பார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால், கனவுத் தூக்கமும் சீக்கிரமே வந்துவிட்டால், நோய் பெரும்பாலும் உறுதி.

அந்தப் பையனுக்கு இப்போது மணமாகிவிட்டது. மதியம் இருபது நிமிடம் தூங்க வேலையிடத்தில் அனுமதி தந்திருக்கிறார்கள். சென்ற திருவிழாவில் என்னைப் பார்த்து, “ஐயா, இன்னும் வெளியில் நிறுத்துவீர்களா?” என்று சிரித்தான். சிரித்தவன் உடனே தூணைப் பிடித்துக்கொண்டான்.