வெட்டிவேர்: முற்றத்துக்கு அழகு, மண்ணுக்குக் காவல்

சொந்தக் காணி இன்னும் கைக்கு வராத நிலையில், பிறர் வளவில் அழகுக்குப் புல் நடுவதா என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தென்னையோ மாவோ நட்டால் பலன் காண ஆண்டுகள் செல்லும். ஊர் திரும்பும்போது அவற்றைக் கொண்டுசெல்லவும் இயலாது. வெட்டிவேரையோ கிளப்பிப் பிரித்துக் கொண்டுசெல்லலாம்.

வெட்டிவேர் ஆளுயரத்துக்குச் செழித்து, ஊதா கலந்த பூங்கதிர் விடும். அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது. நல்ல மண்ணில் 3 மீற்றர் வரை நேராகக் கீழிறங்கும். நெருக்கமாக நட்ட வரிசை மழைநீரின் வேகத்தைத் தணித்து மண்ணைத் தடுத்து நிறுத்தும். பீஜித் தீவில் 1950களிலேயே கரும்புத் தோட்டச் சரிவுகளில் இவ்வாறு நட்டார்கள். கினிப்புல் விதையால் எங்கும் பரவும். நாம் வளர்க்கும் வெட்டிவேர் வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே அயலவர் தோட்டத்தில் களையாகாது.

நடும் முறை:

1. காணி உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். எல்லையில் நடாமல் உட்புறமாக, வெயில்படும் இடத்தில் நடுங்கள்.

2. மாரி தொடங்கும்போது தூறைக் கிளப்பி, இரண்டு மூன்று கன்றுகளாகப் பிரியுங்கள். இலையை ஒரு சாண் அளவும் வேரை அரைச்சாண் அளவும் விட்டு வெட்டுங்கள்.

3. நீரோட்டத்துக்குக் குறுக்கே, அரைச்சாண் இடைவெளியில் நடுங்கள். 10 மீற்றர் வரிசைக்குச் சுமார் 80 குழிகள் தேவை. பட்டுப்போன இடங்களை உடனே நிரப்புங்கள். இடைவெளி இருந்தால் நீர் அதனூடாகப் பாய்ந்து மண்ணை அரிக்கும்.

4. வேரூன்றியபின் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். இளம் இலையை மாடு உண்ணும். முற்றியது மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காகும்.

கையில் சில தூறுகளே இருந்தால், முதல் மாரியில் கிணற்றடியில் ஐதாக நட்டுப் பெருக்குங்கள். மணமுள்ள வேரை விற்க விரும்பினால் அதற்கெனத் தனிப்பாத்தி இடுங்கள். வரிசையின் வேரைத் தோண்டினால் மண் மீண்டும் கரையும்.

ஊர் திரும்பும் நாளில், கிணற்றடித் தூறுகளில் சிலவற்றைக் கிளப்பி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். சில நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். வரிசையை அப்படியே விட்டுச் செல்லுங்கள். இடம் தந்தவரின் மண்ணை அது தொடர்ந்து காக்கும்.