கர்ப்பூரி தாக்கூர்

கர்ப்பூரி தாக்கூர் (24 சனவரி 1924 – 17 பெப்ரவரி 1988) பீகார் மாநிலத்தைச் சேர்ந்த சோசலிச அரசியல்வாதி, விடுதலைப் போராட்ட வீரர். 1952-இல் முதன்முதலாகப் பீகார் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருமுறை துணை முதலமைச்சராகவும் இருமுறை முதலமைச்சராகவும் பதவி வகித்தார். 'ஜன நாயக்', அதாவது மக்கள் தலைவர், என்ற பெயரால் பீகார் மக்கள் இவரை அழைக்கின்றனர். பிற்படுத்தப்பட்டோரை ஒரே தொகுதியாகக் கொள்ளாமல், அவர்களுள் மிகவும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று 1978-இல் இவருடைய அரசு பிறப்பித்த ஆணை, இந்திய இடஒதுக்கீட்டு வரலாற்றில் முக்கியமான ஒன்றாகும். 2024-இல் இவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள பிதௌஞ்சியா என்னும் சிற்றூரில் கர்ப்பூரி தாக்கூர் பிறந்தார். தந்தை கோகுல் தாக்கூர், தாய் ராம்துலாரி தேவி. முடிதிருத்துதலை மரபுத் தொழிலாகக் கொண்ட நாயி சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. வட இந்தியச் சிற்றூர்களில் இத்தகைய சேவைச் சாதியினர் எண்ணிக்கையில் குறைவு. ஓர் ஊரில் சில வீடுகளே இருக்கும். பெரும்பாலும் சொந்த நிலம் இருக்காது. நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வேலை செய்து, அறுவடைக் காலத்தில் தானியமாகக் கூலி பெறுவதே வழக்கம். பிற்காலத்தில் தாக்கூர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. தாக்கூர் படிப்பை விட்டுவிட்டு அதில் இறங்கினார். 26 மாதங்கள் சிறையில் இருந்தார். நாடு விடுதலை பெற்ற பின் தம் ஊர்ப் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். ஜெயப்பிரகாஷ் நாராயண், ராம் மனோகர் லோகியா ஆகியோரின் சோசலிசக் கருத்துகள் இவரைப் பெரிதும் ஈர்த்தன.

சட்டமன்றப் பணி

விடுதலைக்குப் பின் நடந்த முதல் பொதுத்தேர்தலில் (1952) சோசலிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தாஜ்பூர் தொகுதியில் வென்றார். அதன் பிறகு போட்டியிட்ட சட்டப்பேரவைத் தேர்தல் எதிலும் அவர் தோற்றதில்லை. 1984 மக்களவைத் தேர்தலில் சமஸ்திபூரில் போட்டியிட்டபோது மட்டுமே தோல்வி கண்டார். அவருடைய சாதியினர் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையினர் அல்லர். எனவே சொந்தச் சாதி வாக்குகளை நம்பி அவர் அரசியல் நடத்தியிருக்க முடியாது. பல சிறு சமூகங்களின் ஆதரவைத் திரட்டியே வெற்றி பெற வேண்டியிருந்தது.

அவையில் பேசுவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1960-இல் நடுவண் அரசு ஊழியர்கள் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின்போது அஞ்சல், தந்தி ஊழியர்களுக்குத் தலைமை தாங்கிக் கைதானார். 1970-இல் டெல்கோ தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக 28 நாள்கள் உண்ணாநோன்பு இருந்தார். 1974-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் பீகாரில் இயக்கம் எழுந்தபோது தம் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் தலைமறைவாக இருந்து செயல்பட்டார். எதிர்க்கட்சித் தலைவராகவும் சட்டப்பேரவையில் பணியாற்றியுள்ளார்.

கல்வி அமைச்சராக: ஆங்கிலம் பற்றிய முடிவு

1967-இல் பீகாரில் காங்கிரசு அல்லாத முதல் அரசு அமைந்தது. மகாமாயா பிரசாத் சின்கா முதலமைச்சரானார். தாக்கூர் துணை முதலமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அப்போது பள்ளி இறுதித் தேர்வில் (மெட்ரிகுலேஷன்) ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருந்தது. பிற பாடங்களில் நன்கு எழுதியும் ஆங்கிலத்தில் தவறியதால் பல மாணவர்கள் தேர்ச்சி பெற முடியாமல் போயினர். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்கள் குறைவு. வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. தேர்ச்சிச் சான்றிதழ் இல்லையென்றால் எழுத்தர் வேலைக்குக்கூட விண்ணப்பிக்க இயலாது.

ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவது கட்டாயம் இல்லை என்று தாக்கூர் ஆணையிட்டார். பாடம் நீக்கப்படவில்லை, அதில் தவறினால் முழுத் தேர்வும் தவறியதாகும் என்ற நிலைதான் நீக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இம்முடிவுக்கு இரு வகையான விளைவுகள் இருந்தன. உழவர், கைவினைஞர், கூலித் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலை எட்ட இது வழிவகுத்தது. மறுபுறம், ஆங்கிலம் இன்றித் தேர்ச்சி பெற்றோரைக் 'கர்ப்பூரி டிவிஷன்' என்று கேலி செய்யும் வழக்கம் தோன்றியது. ஆங்கிலம் தேவைப்படும் உயர்கல்வியிலும் அனைத்திந்தியப் போட்டிகளிலும் பீகார் மாணவர்கள் பின்தங்க இது காரணமாயிற்று என்று குறை கூறுவோர் இன்றும் உள்ளனர். தேர்வுத் தடையை நீக்குவது ஒன்று, நல்ல ஆங்கில ஆசிரியரைச் சிற்றூருக்கு அனுப்புவது மற்றொன்று. முதலாவதை ஓர் ஆணையால் செய்துவிடலாம். இரண்டாவதற்குப் பல ஆண்டு உழைப்பும் பணமும் வேண்டும். தாக்கூர் கல்வி அமைச்சராக இருந்த அரசோ ஓராண்டைக்கூட நிறைவு செய்யாமல் 1968 சனவரியில் கவிழ்ந்தது.

முதலமைச்சராக

1970 திசம்பரில் தாக்கூர் முதன்முறையாக முதலமைச்சரானார். அந்தக் கூட்டணி அரசு 1971 சூன் வரை, ஏறத்தாழ ஆறு மாதங்களே நீடித்தது.

1977 தேர்தலில் அவர் சமஸ்திபூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு பீகார் சட்டப்பேரவைத் தேர்தலில் ஜனதா கட்சி வென்றது. சட்டமன்றக் கட்சித் தலைவருக்கான போட்டியில் சத்யேந்திர நாராயண் சின்காவை வென்று 1977 சூனில் தாக்கூர் மீண்டும் முதலமைச்சரானார். பின்னர் புல்பராஸ் தொகுதி இடைத்தேர்தலில் வென்று பேரவை உறுப்பினரானார். இவ்வாட்சியில் மாநிலத்தில் மதுவிலக்கு கொண்டுவரப்பட்டது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை.

1978 இடஒதுக்கீட்டு ஆணை

பீகாரில் பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய முங்கேரி லால் தலைமையில் ஓர் ஆணையம் முன்பே அமைக்கப்பட்டிருந்தது. அது 1976-இல் அறிக்கை அளித்தது. 128 சமூகங்களைப் பிற்படுத்தப்பட்டவை என்று அது பட்டியலிட்டது. அவற்றுள் 94 சமூகங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டவை எனத் தனியே குறித்தது. இந்தப் பிரிப்பு ஏன் தேவைப்பட்டது? யாதவர், குர்மி, கோயரி போன்ற சமூகங்கள் எண்ணிக்கையில் பெரியவை. அவற்றுள் ஒரு பகுதியினரிடம் நிலமும் இருந்தது. முடிதிருத்துவோர், மீனவர், குயவர், தச்சர், எண்ணெய் ஆட்டுவோர் போன்றோர் சிறு சிறு சமூகங்களாகச் சிதறிக் கிடந்தனர். அனைவரையும் ஒரே பட்டியலில் வைத்தால், முதல் பிரிவினரே பெரும்பாலான இடங்களைப் பெறுவர் என்பதே ஆணையத்தின் அச்சம்.

1978 நவம்பரில் தாக்கூர் அரசு இப்பரிந்துரைகளை ஏற்று, அரசு வேலைகளில் 26 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அதில் 20 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோருக்கு உரியது. அது இரு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டது. பெண்களுக்கு 3 விழுக்காடும், முன்னேறிய சாதிகளைச் சேர்ந்த ஏழைகளுக்கு 3 விழுக்காடும் தரப்பட்டன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஏற்கெனவே இருந்த ஒதுக்கீடு இதில் சேராது.

ஆணை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் தெருவில் மோதினர். தாக்கூரின் சாதித் தொழிலைச் சுட்டி இழிவான முழக்கங்கள் எழுப்பப்பட்டன. ஆளும் ஜனதா கட்சிக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. 1979 ஏப்ரலில் அவர் பதவி இழந்தார். ராம் சுந்தர் தாஸ் அடுத்த முதலமைச்சரானார். ஆணை மட்டும் நிலைத்து நின்றது.

பிற்கால விளைவுகள்

மண்டல் ஆணையத்தின் உறுப்பினரான எல். ஆர். நாயக்கும் பிற்படுத்தப்பட்டோரை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். எனினும் 1990-இல் நடுவண் அரசு அறிவித்த 27 விழுக்காட்டில் அப்பிரிவு இடம்பெறவில்லை. 1992-இல் இந்திரா சாகனி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எனப் பிரிப்பதற்குத் தடையில்லை என்று கூறியது. பொருளாதார நிலையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீட்டை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. பீகாரில் முன்னேறிய சாதி ஏழைகளுக்கான 3 விழுக்காடும் பின்னர் நீக்கப்பட்டது. 2019-இல் அரசமைப்புச் சட்டத்தின் 103-ஆம் திருத்தத்தின் மூலம் அத்தகைய ஒதுக்கீடு நாடு முழுமைக்கும் வேறு வடிவில் வந்தது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இப்பிரிப்பு புதிதாகத் தோன்றாது. இங்கும் பிற்படுத்தப்பட்டோருக்கான 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடு 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் எனத் தனியே பிரிக்கப்பட்டது. பீகார் ஆணை அதற்குப் பதினோர் ஆண்டுகள் முந்தையது.

2023 அக்டோபரில் பீகார் அரசு சாதிவாரிக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிட்டது. மாநில மக்கள்தொகையில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 27.12 விழுக்காடு என்று தெரியவந்தது. தனித்தனியே பார்த்தால் எளிதில் கண்ணில் படாத அச்சிறு சமூகங்கள், சேர்த்து எண்ணியபோது மாநிலத்தின் மிகப் பெரிய பிரிவாக இருந்தன. இன்று பீகாரில் எந்தக் கட்சியும் இவர்களைத் தவிர்த்துவிட்டுத் தேர்தலைச் சந்திப்பதில்லை.

தனி வாழ்க்கை

தாக்கூரின் எளிமை பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. 1952-இல் வெளிநாட்டுப் பயணத்திற்கு நண்பர் ஒருவரின் மேலங்கியை இரவல் வாங்கிச் சென்றார் என்றும், அது கிழிந்திருந்ததைக் கண்ட யுகோசுலாவியத் தலைவர் டிட்டோ அவருக்குப் புதிய அங்கி ஒன்றைத் தந்தார் என்றும் கூறுவர். முதலமைச்சரான பின்னும் ஊரில் அவர் குடும்பம் பழைய குடிசை வீட்டிலேயே வாழ்ந்ததைப் பலரும் குறிப்பிட்டுள்ளனர். அவருடைய மகன் ராம்நாத் தாக்கூர் பிற்காலத்தில் அரசியலுக்கு வந்து மாநிலங்களவை உறுப்பினரானார். 2024-இல் நடுவண் இணையமைச்சராகப் பொறுப்பேற்றார்.

மறைவும் சிறப்புகளும்

1988 பெப்ரவரி 17 அன்று பாட்னாவில் தம் 64-ஆம் அகவையில் கர்ப்பூரி தாக்கூர் மாரடைப்பால் காலமானார். பிறந்த ஊரான பிதௌஞ்சியா, கர்ப்பூரி கிராம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நூற்றாண்டுப் பிறந்த நாளுக்கு முதல் நாளான 2024 சனவரி 23 அன்று பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கிய விருதை ராம்நாத் தாக்கூர் பெற்றுக்கொண்டார்.

முதலமைச்சராகத் தாக்கூர் இருந்த காலம் இரு முறையும் சேர்த்து இரண்டரை ஆண்டுகளை எட்டவில்லை. பள்ளித் தேர்வில் தடுக்கப்பட்டவர் யார், வேலைப் பட்டியலில் விடுபட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு அக்குறுகிய காலத்தில் அவர் தேடிய விடைகள் இன்றும் விவாதத்தில் உள்ளன. நடுவண் அரசின் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை உட்பிரிவு செய்வது குறித்து ஆராய 2017-இல் நியமிக்கப்பட்ட ரோகிணி ஆணையம் 2023 சூலையில் அறிக்கை அளித்தது. பீகார் 1978-இல் எதிர்கொண்ட அதே வினாவையே அந்த ஆணையமும் ஆராய்ந்தது.