சொல்லச் சொன்னவர்கள் பலர். செவிமடுத்தவர்கள் எத்தனை பேர்?

2009 மே மாதம் போர் முடிந்த பின்னர், வடக்கு கிழக்குத் தமிழர்களிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கேட்டது. 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு கேட்டது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுவதிலுமிருந்து 7,306 கருத்துரைகளைப் பெற்றது. அதன் பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்தது. இடையிடையே தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள், என்னைப் போன்ற ஊடகவியலாளர்கள். ஒரே தாய் ஒரே கதையைப் பல மேசைகளுக்கு முன்னால் இருந்து சொல்லியிருக்கிறார்.

அப்படியிருந்தும், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் அதுவரை பேசாதிருந்தவர்கள் அல்லர். பேசியும் பதில் கிடைக்காதவர்கள்.

தகவல் பதிவதும் செவிமடுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அரசு மட்டுமல்ல, நாமும் எங்கள் வீடுகளிலும் வேலைத்தளங்களிலும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

உளவளத்துணைப் பயிற்சிகளில் "செயலூக்கச் செவிமடுத்தல்" என்று ஒரு பாடம் உண்டு. 1957இல் அமெரிக்க உளவியலாளர்களான கார்ல் றோஜர்ஸ், றிச்சர்ட் ஃபார்சன் ஆகியோர் எழுதிய சிறு நூலின் மூலம் இந்தச் சொல் பரவியது. அதன் சாரம் எளிமையானது. கேட்பவர் சும்மா காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பவர் அல்ல. சொல்லப்படும் விடயத்தையும் அதற்குப் பின்னால் உள்ள உணர்வையும் விளங்கிக்கொள்ள முயல்கிறார். தான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று சொன்னவரிடமே கேட்டு உறுதிப்படுத்துகிறார். சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை, விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு தாய் மகளிடம், "மே மாதம் வந்தாலே எனக்கு ஒண்டும் செய்ய மனம் வருதில்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பதில்கள் எங்களுக்குத் தெரியும். "அதையே நினைச்சுக்கொண்டிருக்காதேங்கோ அம்மா." "எங்களுக்கு மட்டுமே நடந்தது, எல்லாருக்கும்தானே." "கோயிலுக்கு ஒருக்காப் போயிட்டு வாங்கோ." மூன்றுமே அன்பினால் வருபவை. ஆனால் மூன்றும் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றன. மாறாக மகள், "மே மாதம் வந்தா மனம் சோர்ந்து போகுது, என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், தாய் ஒருவேளை, "சோர்வில்லைப் பிள்ளை, கோவம்" என்று சொல்லக்கூடும். சோர்வு என்று எல்லோரும் நினைத்திருந்தது கோபம் என்பது அப்போதுதான் தெரியவரும்.

எங்கள் சமூகத்தில் மனத்தின் வலி பெரும்பாலும் உடலின் மொழியில் வருகிறது. தலையிடி, நெஞ்சு எரிவு, நித்திரையின்மை, பெருமூச்சு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வைத்தியசாலைக்கு அடிக்கடி தலையிடி என்று வரும் பெண்ணிடம் மருந்துத் துண்டை நீட்டுவதற்கு முன்னர், "எப்ப இருந்து இப்பிடி? வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் தாதியும் செவிமடுப்பவர்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுடன் கதைக்கும்போது இன்னொரு கவனம் தேவை. பொலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்பை "தெளிவற்ற இழப்பு" என்று விளக்குகிறார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற முடிவு இல்லாததால் துக்கமும் முடிவதில்லை. "அவர் வருவார்" என்று நாங்கள் உறுதி சொல்லக்கூடாது. "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றும் சொல்லக்கூடாது. "அவருக்குப் புட்டெண்டால் நல்ல விருப்பம்" என்று மனைவி சொன்னால், பதில் கேள்வியில் அதை "விருப்பமாக இருந்ததோ?" என்று இறந்தகாலத்துக்கு மாற்றாமல் இருப்பதே செவிமடுத்தலின் ஒரு பகுதி.

செவிமடுப்பது என்றால் எல்லாவற்றையும் சொல்லவைப்பது அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்று மூன்று வேலைகளைச் சொல்கிறது. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் நெருக்கக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊர்களில் மௌனத்துக்கு வேறு காரணமும் உண்டு. யார் வந்தது, என்ன கேட்டது என்று பின்னர் வந்து விசாரிக்கப்பட்ட அனுபவம் பலருக்கு இருக்கிறது. ஆகவே இடம் முக்கியம். காது கேட்கும் தூரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். "இதைப் பற்றிக் கதைக்க விருப்பமோ? இல்லையெண்டால் விடுவம்" என்று கேட்டு, இல்லை என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தொழில் ரீதியாக மக்களைச் சந்திப்பவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். பரணகம ஆணைக்குழுவின் அமர்வுகளைக் கண்காணித்த சிவில் அமைப்புகள் மொழிபெயர்ப்புக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டின. பிள்ளை எங்கே என்று கேட்டு வந்தவர்களிடம் வாழ்வாதார உதவி பற்றியும் மரணச் சான்றிதழ் பற்றியும் கேட்கப்பட்டதாகவும் பதிவுசெய்தன. கேட்டது ஒன்று, பதில் வேறொன்று.

பிரதேச செயலக உத்தியோகத்தரோ, ஆசிரியரோ, தொண்டு நிறுவனப் பணியாளரோ செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. வந்தவரை இருக்கச் சொல்வது. கோப்பிலிருந்து கண்ணை எடுத்து முகத்தைப் பார்ப்பது. எவ்வளவு நேரம் இருக்கிறது, தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை முதலே சொல்வது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவது. பின்னர் என்ன நடந்தது என்று திரும்ப அறிவிப்பது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் அறிவிப்பது. ஒலிப்பதிவை ஆரம்பிக்க முன்னர் இது எங்கே வெளிவரும் என்று சொல்வதும், புறப்பட முன்னர் குறிப்பை வாசித்துக் காட்டுவதும் எனது வழக்கம். அந்த வாசிப்பின்போது பலர், "அப்பிடி இல்லை" என்று திருத்துவார்கள். கட்டுரையின் முக்கியமான வரி சிலவேளை அங்கேதான் கிடைக்கிறது.

வீட்டில் எங்களுக்கு முன்னால் இருப்பது 2009க்குப் பின்னர் பிறந்த தலைமுறை. "அப்பா இயக்கத்தில இருந்தவரோ?" என்று பிள்ளை கேட்டால், "உனக்கேன் உந்தக் கதை, போய்ப் படி" என்பது பல வீடுகளின் பதில். பயத்தினால் வருவதுதான். ஆனால் பிள்ளை அதன் பின்னர் எங்களிடம் கேட்காது. வேறு இடத்தில் கேட்கும், அரைகுறையாக அறியும். உடனே எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. "ஏன் ராசா கேக்கிறாய்? பள்ளிக்கூடத்தில ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டாலே அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது வெளியே வரும். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கேட்பவருக்கும் எல்லை உண்டு. தொடர்ந்து துயரத்தைக் கேட்பவர் களைத்துப்போவார்; "இண்டைக்கு எனக்கு ஏலாமல் கிடக்கு, நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லி, சொன்னபடி நாளைக்கு வருவது தவறல்ல. ஒருவர் வாழ விருப்பமில்லை என்று சொன்னால் மட்டும் நாளைக்கு என்று விடக்கூடாது. உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. தனியே விடாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

செவிமடுத்தல் நீதிக்குப் பதிலீடு அல்ல. வீதியில் இருக்கும் தாய்மாருக்கு அரசு கொடுக்க வேண்டிய பதிலை மகளோ, தாதியோ, ஊடகவியலாளரோ கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பதில் வரும்வரை அவர்கள் எங்களோடுதான் வாழ்கிறார்கள். பத்து மேசைகளில் சொல்லியும் பதிலில்லாத கதையை, அவர்கள் விரும்பும் நேரத்தில், விரும்பும் அளவுக்குச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் இருக்க முடியும்.