எல்லிஸ் என்னும் குடிப்பெயர்

தந்தை பெயரால் மகனைச் சுட்டும் வழக்கு உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படுவது. கொற்றன் மகனாகிய கொற்றனைக் கொற்றங்கொற்றன் என வழங்குதல் தொல்காப்பியம் கற்றார்க்குப் புதிதன்று. ஆங்கில நாட்டில் இவ்வழக்கு ஒரு தலைமுறையோடு ஒழியாது, வழிவழியாகத் தொடரும் குடிப்பெயராக நிலைபெற்றது. அங்ஙனம் நிலைத்த பெயர்களுள் தமிழுலகம் நன்கறிந்த ஒன்று எல்லிஸ் என்பது. 1810 முதல் சென்னையில் கலெக்டராய் விளங்கியவரும், திருக்குறளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவரும், 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தவருமாகிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் துரையை நாம் மறத்தற்கில்லை. அவர்தம் குடிப்பெயரின் வரலாறு, சொற்பிறப்பு ஆராய்வார் மனங்கொள்ளத்தக்க உண்மையொன்றைத் தெளிவுறுத்துகின்றது. அதனை ஈண்டு விளக்க முற்படுவோம்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில் அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார்க்கு ஒரு பெயரே இருந்தது. பின்னர் நிலவுடைமையாளரிடத்தும், அவர்வழிப் பிறரிடத்தும் குடிப்பெயர் படிப்படியாகப் பரவியது. 1400-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது வேரூன்றிவிட்டது எனலாம். தந்தை பெயர்வழி வந்த குடிப்பெயர்கள் மூவகைப்படும். மகன் என்று பொருள்படும் 'சன்' என்னும் சொல் சேர்ந்த ஜான்சன், இராபர்ட்சன் முதலியன ஒருவகை. ஆறாம் வேற்றுமைப் பொருளில் ஈற்றில் ஸகரம் பெற்ற வில்லியம்ஸ், எட்வர்ட்ஸ் முதலியன மற்றொரு வகை. தந்தையின் பெயரே உருபெதுவும் பெறாது மகன் குடிக்கு ஆகிவருதல் மூன்றாம் வகை.

எல்லிஸ் இவற்றுள் எவ்வகையைச் சாரும்? ஈற்று ஸகரத்தை நோக்குவார், வில்லியம் என்பதிலிருந்து வில்லியம்ஸ் பிறந்தாற்போல, 'எல்லி' என்னும் பெயரிலிருந்து இது பிறந்தது எனக் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. வில்லியம்ஸ் என்பது இடைக்காலத்தில் ஒருவனது இயற்பெயராய் வழங்கியதில்லை. எலிஸ் என்பதோ அந்நாளில் இயற்பெயராகவே வழங்கிற்று. ஆகவே, ஸகரம் பெயரின் உறுப்பேயன்றி வேற்றுமையுருபன்று. எல்லிஸ் மூன்றாம் வகையைச் சார்ந்ததாகும். இதனொடு 'சன்' சேர்ந்தமைந்ததே எல்லிசன் என்னும் பிறிதொரு குடிப்பெயர்.

அவ்வாறாயின் அந்த ஸகரம் எங்கிருந்து வந்தது? எபிரேய மொழியில் 'ஏலியாகு' என்பது ஒரு தீர்க்கதரிசியின் பெயர். 'யாவே என் இறைவன்' என்பது அதன் பொருள். கிரேக்கர் இப்பெயரைத் தம் மொழிக்கு ஏற்ப 'எலியாஸ்' எனத் திரித்தனர். ஈற்று ஸகரம் கிரேக்க ஆண்பாற் பெயர்கள் எழுவாயில் ஏற்கும் விகுதியாகும். இலத்தீனும் அவ்வடிவையே மேற்கொண்டது. இங்கிலாந்தின் 12, 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் எழுத்தர் எலியாஸ், ஹெலியாஸ் என எழுத, பேச்சு வழக்கில் அது எலிஸ் எனக் குறுகியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தை ஒட்டி 'எலைஜா' என்றும், புதிய ஏற்பாட்டில் கிரேக்கத்தை ஒட்டி 'எலியாஸ்' என்றும் அத்தீர்க்கதரிசியைக் குறிப்பிடுகின்றது. ஒரு பெயரே இருவழியாக வந்து இருவேறு பெயர்போல் நின்றமைக்கு இது தக்க சான்று.

வேல்சு நாட்டு எல்லிஸ் குடியினரைப் பற்றித் தனியே ஆராய்தல் வேண்டும். அங்கு 'எலிசெத்' என்னும் பழம்பெயர் ஒன்று உண்டு. அருளுடைமையைக் குறிக்கும் வேல்சுச் சொல்லடியாக அது பிறந்தது. போவிஸ் நாட்டு மன்னன் கிங்கென் தன் பாட்டனின் தந்தையாகிய எலிசெத்தின் நினைவாக 9-ஆம் நூற்றாண்டில் நிறுவிய கல்தூண் லாங்கோலன் ஊரருகே இன்றும் உள்ளது. எலியாஸ்வழி வந்த எலிஸும் இவ்வெலிசெத்தும் காலப்போக்கில் ஒருருவாயின. மகன் எனப் பொருள்படும் 'அப்' என்னும் வேல்சுச் சொல், உயிர்முதற் பெயரொடு புணருங்கால் தன் அகரம் இழந்து அப்பெயரோடு ஒன்றிவிடும். அப் ஓவன் என்பது போவன் என்றானாற்போல, அப் எலிஸ் என்பது பெல்லிஸ் ஆயிற்று. ஆதன் தந்தை என்பது ஆந்தை என மருவியதை அறிந்த நமக்கு இத்தகைய திரிபு வியப்பளிப்பதன்று. எனவே, எல்லிஸ் என்னும் பெயருடையார் அனைவரும் ஒரு மூலத்தினர் எனத் துணிதற்கில்லை. குடிதோறும் ஆவணம் கண்டே முடிவுகூறல் வேண்டும்.

இனி, தமிழகத்தில் இப்பெயர் எய்திய வடிவை நோக்குவோம். சென்னை இராயப்பேட்டையில் கிணறு வெட்டியதைக் கூறும் 1818-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் எல்லிஸ் துரை 'எல்லீசன்' எனப்படுகின்றார். எல் என்பது ஒளியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஈசன் இறைவனைக் குறிப்பது. எபிரேயத்திலும் 'ஏல்' இறைவனையே குறிக்கும். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து, எல்லீசன் என்பதே மூலவடிவம் என வாதிடுதல் எளிது. ஆயினும் அது பிழை. கிரேக்க விகுதியின் எச்சமாகிய ஸகரம் தமிழில் சகரமாகி, அதன்மேல் 'அன்' என்னும் நம் ஆண்பால் விகுதி ஏறியது. இடையே இகரம் நீண்டது. ஈசன் என்னும் தோற்றம் இவ்வாறு நேர்ந்ததே. இரு மொழிகளின் ஆண்பாற்பெயர் விகுதிகள் ஒரு சொல்லில் அடுத்தடுத்து நிற்பதே ஈண்டு உண்மையில் காணத்தக்கது.

இம்முடிவுக்குத் தமிழ் வழக்கே துணைநிற்கின்றது. எபிரேய வடிவை ஒட்டிய 'எலியா' என்னும் தமிழ் விவிலியப் பெயரில் ஸகரம் இல்லை. திருக்குர்ஆன் வழியாகத் தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் 'இலியாஸ்' என்பதிலும், ஆங்கில வழி வந்த எல்லிஸ் என்பதிலும் அது உண்டு. எனவே, ஈற்றெழுத்தே பெயர் வந்த வழியைக் காட்டும் சுவடாகின்றது.

1816-இல் காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்திற்கு வரைந்த முன்னுரைக் குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை முறையாக ஒப்பிட்டு, அவை வடமொழியினின்றும் பிறவாத ஓரினம் என நிறுவியவர் எல்லிஸ். ஓரிரு சொற்களின் ஒலியொப்புமை இனவுறவுக்குச் சான்றாகாது என்பது அவர் கையாண்ட முறையால் விளங்கும். அம்முறையை அவர் பெயருக்கே பொருத்திப் பார்த்தோம். கவர்ச்சியான விளக்கம் வீழ்ந்தது. சான்றுடைய விளக்கம் நின்றது. நம் ஊர்ப்பெயர்களையும் மக்கட்பெயர்களையும் ஆராயும் இளைய ஆய்வாளர், சொல்லைப் பிரித்துப் பொருள் காணுமுன் அது வந்த வழியைக் காண்பாராக.